முழுக்கைச் சட்டை

இரத்தம் எடுக்கும் அறையில் அவள் தன் கையைக் கொடுத்து முடித்து, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கணவனைப் பார்க்கிறாள். "சார், கையை நீட்டுங்க," என்று ரப்பர் பட்டையோடு நிற்கிறாள் ஊசிக்காரப் பெண். அவனோ முழுக்கைச் சட்டையின் பொத்தானைத் தொடாமல், கூரையில் சுற்றும் மின்விசிறியை ஆராய்கிறான். அவள் மடியில் சாய்ந்திருக்கும் மகளின் உதடு காகிதமாய் வெளுத்திருக்கிறது. மாதக்கணக்கில் ஊற்றிய இரும்புச்சத்து டானிக்கில் பற்கள்தான் கறுத்தன. அத்தனை நாளும், பிள்ளைக்குச் சோறூட்டத் துப்பில்லாதவள் என்று பேர் வாங்கியவள் இவள். சோறு காரணமில்லை, பெற்றவர்கள் இரண்டு பேர் வழியாகவும் வந்த இரத்தக் கோளாறு என்று டாக்டர் இன்று சந்தேகப்படுகிறார். அவள் வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் அது வருமா என்பது, இவன் கை நீட்டினால்தான் தெரியும்.

"எங்க வம்சத்துல யாரு ரத்தத்துலயும் ஒரு குறை கிடையாது. அவனுக்கு எதுக்கு ஊசி?" வாசலில் நின்று மாமியார் கேட்கிறாள். "அம்மா சொல்றதும் சரிதானே... ஆபீசுக்கு வேற நேரமாச்சு," என்கிறான் அவன், மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் பஞ்சைக் குப்பைக் கூடையில் போடுகிறாள். குழந்தைக்குச் செய்வதுபோல அவன் மணிக்கட்டைப் பிடித்து, பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடுகிறாள். கொழுகொழுவென்ற கை. அந்த வம்சமே அதில் நடுங்குகிறது. "கண்ணை மூடிக்கோப்பா. நான் அப்படித்தான் செய்வேன்," என்று கறுத்த பற்கள் தெரியச் சிரிக்கிறாள் மகள். ஊசி இன்னும் உறையைவிட்டே வெளியே வரவில்லை. அவன் கண்களை இறுக மூடிக்கொள்கிறான்.