பங்குனி விரதம்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. திருப்பத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கிளினிக்கில், ஐந்தாம் எண் டோக்கன்காரர் தன் பெயர் இராமு என்று சொன்னார்.

அவர் பெயர் சேவுகப்பெருமாள். காரைக்குடி செக்காலையில் மோட்டார் பம்பு கடை வைத்திருப்பவர். அங்கே டீக்கடைக்காரர் முதல் டாக்டர் வரை அத்தனை பேரும் தெரிந்தவர்கள். அதனால்தான் பஸ் ஏறி இங்கே வந்திருந்தார்.

“என்ன செய்யுது?”

“ஒண்ணுக்குப் போனப்புறம்... சீழ் மாதிரி கசியுது சார். எரியுது.”

“எத்தனை நாளா?”

“ஒரு மாசமா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “கசிஞ்ச அன்னைக்கே வரணும்யா. தானாச் சரியாப் போற சமாச்சாரமா இது? வெளிய எங்கயும் போனீங்களா?”

கோயம்புத்தூருக்குச் சரக்கெடுக்கப் போன இடத்தில் ஒரே ஒரு ராத்திரி. சேவுகப்பெருமாள் தலையை மட்டும் ஆட்டினார்.

“டெஸ்டுக்குக் குடுத்துட்டு மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிங்க. சம்சாரத்துக்கும் வைத்தியம் பாக்கணும். பொம்பளைங்களுக்கு வெளிய தெரியாமலே உள்ள கெடுத்துரும். ரெண்டு பேரும் மருந்து முடிச்சு ஒரு வாரம் ஆகுற வரைக்கும் சேரக் கூடாது.”

அந்த ஒன்றில் மட்டும் அவருக்குச் சிக்கல் இல்லை. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி முருகனுக்கு விரதம் என்று சொல்லி, ரேணுகா மூன்று வாரமாகத் தனியே பாய் விரித்துக்கொள்கிறாள். சாமிக்கென்று இருப்பவளுக்கு நோயைக் கொடுத்துவிட்டோமே என்று அவருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் அயிரைமீன் குழம்பு சாப்பிட்டபோதுகூட அவள் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீடு திரும்பியதும் அடுக்களை வாசலில் நின்றார்.

“ரேணுகா, நாளைக்கு நீயும் ஒரு எட்டு திருப்பத்தூர் வரணும். டாக்டரப் பாக்க. எல்லாம் என் தப்புதான். கோயம்புத்தூர்ல...”

அரிசி களைந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவள் பீரோவிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். அவர் சட்டைப்பையில் இருந்த அதே மாத்திரை. பிரிக்காத அட்டை.

“என் பங்கத் தின்னு முடிச்சாச்சு. இது உங்க பங்கு. நீகளா வாயத் தொறப்பீகன்னு மூணு வாரமாப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“அப்ப... முருகனுக்கு விரதம்னியே?”

“அது உங்க கடைக்கு எதுத்த டாக்டரம்மா சொன்ன விரதம்.”