சாத்தன்பாறைக் கோட்டையை இடித்தவன்

"அந்தக் கோட்டையை இடிச்சவன் வம்சமே விளங்காது!"

மைக்கில் முழங்கினார் ராமசுப்ரமணியன். ஹூஸ்டன் தமிழர்கள் வாடகைக்கு எடுத்திருந்த சின்ன ஹால் கைதட்டலில் அதிர்ந்தது. தேவநேசனின் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன.

"கை தட்டுங்க. நீங்கதானே நன்றியுரை?" என்று முழங்கையால் இடித்தாள் மனைவி ஜெபராணி.

மைக் பிடித்திருந்த பெரியவர் பக்கத்து ஊரான சுகர் லேண்டில் இருக்கும் மகளைப் பார்க்க வந்தவர். வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. சாத்தன்பாறைக் கோட்டையைப் பற்றி நானூறு பக்கத்துக்குப் புத்தகம் எழுதியவர். திருநெல்வேலிப் பக்கம் எழுநூறு வருஷம் நின்ற கோட்டை. இன்று அங்கே ஒரு கல்கூடக் கிடையாது. ஆனாலும் மதில் முப்பத்திரண்டு அடி, கொத்தளம் பதினொன்று, குதிரை லாயத்துக்கு வாசல் மூன்று என்று, மனிதர் போன வாரம்தான் அங்கிருந்து வீடு காலி பண்ணிக்கொண்டு வந்தவர் போல அடுக்கினார்.

"இடிச்சது யாரு சார்?" பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"பகைவர் படை! வேற யாரு? ஈவிரக்கமில்லாத பாவிங்க!"

நன்றியுரையில் தேவநேசனுக்கு நாக்குக் குழறியது. எண்பத்தாறில் எண்ணெய் விலை விழுந்த வீழ்ச்சியில் போன மாதம்தான் அவனுக்கு வேலை போயிருந்தது. இந்த நேரம் பார்த்து வம்சத்தை வேறு இழுக்கிறாரே!

பெரியவரை மகள் வீட்டில் கொண்டுவிடும் பொறுப்பும் அவன் தலையிலேயே விழுந்தது. ஜெபராணி பாத்திரம் கழுவ ஹாலிலேயே தங்கிவிட்டாள். ஃப்ரீவே ஏறியதும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒரு விஷயம் confess பண்ணணும். கோட்டையை இடிச்சது பகைவர் படை இல்ல."

"பின்னே?"

"எங்கப்பா."

பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"அம்பத்தொண்ணுல ரோடு கான்ட்ராக்ட் எடுத்தாரு சார். ஜல்லி கிடைக்கலை, கோட்டை கிடைச்சுது. நாலு லாரி, மூணு மாசம். எங்க ஊர் ரோடு பூரா உங்க கோட்டைதான். நீங்க விட்ட சாபத்தைக் கொஞ்சம் cancel பண்ண முடியுமா? எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

இரண்டு எக்ஸிட் கடந்து போயின. தேவநேசன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"உங்கப்பா பேரு ஞானமுத்துவா?"

"ஆமா சார்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் பொண்ணு காதுல போட்டுடாதீங்க தம்பி," என்று குரலைத் தாழ்த்தினார் ராமசுப்ரமணியன். "இல்லாத கோட்டைக்கு அவ்வளவு கரெக்டா அளவு எங்கேருந்து கிடைக்கும்? அதை இடிக்க எஸ்டிமேட் போட்ட இன்ஜினீயரே நான்தான்!"