தொடவே தொடாத வண்டி

"ஒரு வருஷமா தொடவே இல்லேன்னு சொன்னீங்க. அப்புறம் எப்படிண்ணே என்ஜின் சுடுது?"

தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டரான ஜெட் ஸ்கியின் மூடியைத் திறந்து உள்ளே விட்ட கையை எடுக்காமலேயே கேட்டார் பரிசோதகர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பது அவர் வேலை. பயணி நிஜமாகத் தூங்குகிறாரா, டிக்கெட்டுக்குப் பயந்து தூங்குகிறாரா என்று கண்ணிமையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"சுடுதா?" வண்டியை விற்கும் பேக்கரிக்காரர் குனிந்து தானும் தொட்டுப் பார்த்தார். "தகரக் கொட்டகை இல்லியா தம்பி, அதான் சூடு ஏறியிருக்கும்."

வெயில் இன்னும் ஏரியோரக் கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பரிசோதகர் அதை மனதில் குறித்துக்கொண்டார்.

நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கிதான் வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். "நாள் முழுக்க ஓடுற பஸ்ல நின்னே பழகினவன். உக்காந்து ஓட்டுறது எனக்கு எதுக்கு?" என்று மனைவியின் வாயையும் அடைத்தாயிற்று. ஆனால் ஆசை இருந்த அளவுக்குப் பையில் கனம் இல்லை. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில் புதியது வாங்கக் கனவுதான் காண வேண்டும். பழையதில் முதலில் பார்த்த வண்டிக்கு அடியில் விரிசல்; பூசி மெழுகி பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். அடுத்ததில் என்ஜின் முழுக்கத் துரு. இது ஒன்றுதான் பார்க்க லட்சணமாகவும் விலை கட்டுப்படியாகவும் இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது.

"எதுக்குண்ணே விக்கறீங்க?"

"முதுகு போச்சு தம்பி. இனிமே இதுல ஏறவே கூடாதுன்னுட்டார் டாக்டர். வீட்டுக்காரிக்கும் இதைக் கண்டாலே ஆகாது. சும்மா கிடந்து வீணாப் போறதுக்கு யாராவது ஓட்டட்டுமே." பேக்கரியிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டைக் கையெல்லாம் மாவு. "பேட்டரியில உயிர் இருக்குமான்னு தெரியல. பட்டனை அமுக்கிப் பார்க்கலாம்."

அமுக்கினார். வண்டி சிங்கம் போல உறுமியது. தண்ணீர் இல்லாமல் அதிக நேரம் ஓடக் கூடாது என்று உடனே அணைத்தார்.

"பார்த்தீங்களா! ஒரு வருஷம் கிடந்தும் ஒரே அமுக்குல!"

முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம். என்ன நடிப்புடா சாமி என்று நினைத்துக்கொண்டார் பரிசோதகர்.

பெட்ரோல் டேங்கைத் திறந்து மோந்தார். வருஷக் கணக்கில் கிடந்த பெட்ரோல் இப்படியா மணக்கும்? குனிந்து வண்டியின் அடியில் விரலை ஓட்டினார். ஈரம். விரலோடு ஒரு துண்டுப் பாசி ஒட்டிக்கொண்டு வந்தது. வாடக்கூட இல்லை.

"இதுக்கு என்னண்ணே சொல்றீங்க?"

பேக்கரிக்காரர் பாசியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "எனக்கே புரியல தம்பி."

டிக்கெட் இல்லாதவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான்.

"இருங்க, வாங்கின ரசீதைக் காட்டறேன்" என்று அவர் வீட்டுக்குள் போனார்.

அவர் தலை மறைந்ததும் அவருடைய மனைவி ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, உங்களைப் பார்த்தா பிள்ளைகுட்டிக்காரரா தெரியுது. சொல்லாம இருக்க மனசு கேக்கல. இந்த வண்டி நடுத்தண்ணியில பொசுக்குனு நின்னுபோகும். ஒரு தடவை முழுகியே போச்சு."

பரிசோதகர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ இந்தச் சூடு?"

"ஆள் வர்றாங்கன்னா முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிடுவாரு. இல்லேன்னா கிளம்பவே கிளம்பாது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பேக்கரிக்காரர் ரசீதோடு வந்தார். பரிசோதகரின் முகம் மாறியிருந்ததைப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கறேன். நல்லா ஓட்டறவங்க கைக்குப் போனாப் போதும்" என்றார்.

கேட்காமலே விலை இறங்குகிறது! இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"யோசிச்சுச் சொல்றேண்ணே."

வாசலில் அந்த அம்மாளிடம் மட்டும் மெதுவாக, "ரொம்ப நன்றிக்கா. நீங்க இல்லேன்னா ஏமாந்திருப்பேன்" என்றார். வீடு போய்ச் சேரும்வரை அதே நினைப்புதான். கட்டின புருஷனையே காட்டிக்கொடுக்கிற அளவுக்கு ஒரு நேர்மை!

அடுத்த வாரம், வேலைக்குப் போகும் முன் வேறொரு வண்டியைப் பார்க்க ஏரிக்கரைக்கு வந்தார். விற்கிறவர் இன்னும் வந்து சேரவில்லை. ஏரி காலியாகக் கிடந்தது. ஒரே ஒரு ஜெட் ஸ்கி மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. ஓட்டியவர் கால் நடுங்காமல் நின்று, சாய்ந்து, கண் இமைக்கும் நேரத்தில் வட்டமடித்துத் திரும்பினார். வாங்கினால் இப்படி ஒரு வண்டி வாங்க வேண்டும் என்று பெருமூச்சு விட்டார் பரிசோதகர்.

வண்டி கரையை நெருங்கியது. தெரிந்த வண்டியாக இருக்கிறதே என்று அவர் யோசிப்பதற்குள், ஓட்டி வந்தவர் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"அக்கா! நீங்களா?"

பேக்கரிக்காரரின் மனைவி திடுக்கிட்டு நின்றாள். பிறகு வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டாள்.

"அவர்கிட்டச் சொல்லிடாதீங்க தம்பி. தெரிஞ்சா, நானும் வர்றேன்னு அவரும் ஏறி நிப்பாரு. முதுகு தாங்காது."

"நடுத்தண்ணியில நின்னுபோகும்னு சொன்னீங்களே?"

"பின்ன? அருமையான வண்டின்னு சொல்லியிருந்தா வாங்கிட்டுப் போயிருப்பீங்களே! உங்களுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாரும்கூட எனக்கு நன்றி சொல்லிட்டுத்தான் போனாங்க."