பூனை ஏறாத சோபா

ராஜபாளையத்தில் வரதராஜ் தன் பழைய சோபாவை விற்பதாக வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்க்க வந்த பத்மாசனி, விலையைக்கூடக் கேட்கவில்லை.

"இதுல பூனை படுத்திருக்கா சார்?"

வரதராஜ் உஷாரானார். "இதுல பூனை ஏறினதே இல்லம்மா."

அவள் முகம் வாடியது. குனிந்து மெத்தையை முகர்ந்து பார்த்தாள்.

"அலசிட்டீங்களோ?"

"ஷாம்பு போட்டு அலசியாச்சு. ஒரு முடி இருக்காது."

"அப்ப வேண்டாம் சார்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சுத்தமா இருக்குன்னு சொன்னா வேண்டாங்கிறீங்களேம்மா?"

பத்மாசனி தயங்கினாள். "உங்க பக்கத்து வீட்டுப் பாண்டிசெல்வி மூலமா உங்க பூனையைப் போன வாரம் வாங்குனது நாந்தான் சார். ஏழு நாளா படுக்கவே மாட்டேங்குது. வீடு பூரா தேடிக்கிட்டே அலையுது. அது படுத்த சோபாவைக் கொண்டுபோனா தூங்கும்னு நெனச்சேன்."

பேத்தியின் மூச்சிரைப்புக்காகத்தான் அவர் பூனையைக் கொடுத்திருந்தார். உள்ளே போய், தன் கட்டிலில் இருந்த தலையணையை எடுத்து வந்தார்.

"சோபாவுல பகல்ல மட்டுந்தான் படுக்கும். ராத்திரியானா என் தலைமாட்டுல, இதுலதான். இதை மட்டும் அலச மனசு வரலம்மா. கொண்டுபோங்க."