மூன்றாவது வார நீலம்

ஞாயிறு காலை ஆறே முக்கால். மர்பி டவுன் சமுதாயக் கூடத்தில் சர்க்கரை நோயாளிகள் கைகளை உயர்த்தி இறக்குகிறார்கள். நர்ஸ் பாதங்களைப் பார்ப்பதற்காக எல்லோரும் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள். தனபால் மட்டும் ஷூவோடு நிற்கிறார். மூலையில் நர்ஸ் வீணா, தனபால் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த சிறுநீரில் மருந்து கலந்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுகிறாள். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறம் வரவேண்டும். மூன்றாவது வாரமாக இன்றும் நீலம். "பாத்தீங்களா சிஸ்டர், நார்மல்! கால் விரல எடுக்கணும்னு பயமுறுத்துனீங்களே" என்று தனபால் சிரிக்கிறார். ஷூ நுனியில் ஈரம் கசிந்திருக்கிறது. ஓர் ஈ அதில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்காருகிறது. அவர் மனைவி கஸ்தூரி ஜன்னலையே பார்க்கிறாள். வீணா அவள் பக்கம் குனிகிறாள்.

"நிஜத்தச் சொல்லுங்கக்கா, பாட்டில்ல இருக்கிறது அண்ணனோடதா, உங்களோடதா?"