அப்பாவுக்கு ஞானஸ்நானம்

"வர்ற ஞாயித்துக்கெழமை உங்க அப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுத்துடுங்க பாஸ்டர். இல்லன்னா திங்கக்கெழமை இந்தச் சபை வீட்டுச் சாவியக் குடுத்துடுங்க."

சபைச் செயலாளர் இதைச் சொல்லிவிட்டு, ஆவி பறக்கும் காப்பியை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். பாஸ்டரின் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குத்தான் உபதேசமான்னு சபையில கேக்கறாங்க. பெத்த அப்பனையே தண்ணியில எறக்க முடியாதவரு, நம்மள எப்படிக் கரையேத்துவாருன்னு பேச்சு. நான் என்ன பதில் சொல்ல?"

"அது நடக்காதுன்னு சொல்லுங்க."

"அவர்கிட்ட பேசிப் பாத்தீங்களா?"

"பேசியாச்சு. முடிவு அதேதான்." பாஸ்டர் குரலை உயர்த்தவே இல்லை.

சாமியும் இல்லை, பூதமும் இல்லை என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவருகிற மனிதர் அந்த அப்பா. பிளம்பர். பிள்ளையை ஆலயத்துக்கு அனுப்புவதாகச் சாகக் கிடந்த மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அதனால் ஞாயிறு தவறாமல் மகனை வாசல்வரை கொண்டுவந்து விடுவார். ஆராதனை முடியும்வரை எதிர்க் கடையில் பேப்பர் படிப்பார். அந்த மகனே பாஸ்டரான பிறகும், கையில் ஸ்பேனர் இருந்தால்தான் ஆலயத்துக்குள் கால் வைப்பார். ஞானஸ்நானத் தொட்டிக்குக் குழாய் போட்டதே அவர்தான். அதில் எத்தனையோ பேர் முழுகி எழுந்துவிட்டார்கள். அவர் எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

செயலாளர் விடவில்லை. "சும்மா ஒரு முழுக்கு பாஸ்டர், ரெண்டு நிமிஷம். அவர் மனசுல என்ன இருக்குன்னு யாரு தெறந்து பாக்கப் போறாங்க?"

"'விசுவாசிக்கிறீங்களா'ன்னு கேட்டுட்டு முழுக வெக்கிறது நான்தானே? பொய்யின்னு தெரிஞ்சே எப்படிக் கேப்பேன்?"

"அப்ப உங்க இஷ்டம்." செயலாளர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மனைவி பொரிந்து தள்ளினாள். "சின்னவளுக்கு அடுத்த மாசம் பரீட்சை. மூட்ட முடிச்சோட எங்கங்க போவோம்?"

"ரெண்டு ரூம்ல ஒரு வீடு பாப்போம். படிக்கிற காலத்துல அப்பாகூட குழாய் வேலைக்குப் போனவன்தானே நான். கை மறந்திருக்காது."

"உங்க அப்பா தலைய நனைக்க மாட்டாரு, அதுக்கு நாம தெருவுல நிக்கணுமா?"

அவர் பிரசங்கக் குறிப்பை எழுத உட்கார்ந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன் அழுத்திச் சொல்லாவிட்டால் போகட்டும், மருமகளுக்கு வாய் இருக்கிறது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற கிழவரை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பின்னறைக்கு நடந்தாள். வாழ்க்கைப்பட்டு வந்த பதினாறு வருஷத்தில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து ஒரு துணிப்பையின் வாயை முடிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்பேனர் பெட்டி. பையைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"எங்க மாமா கெளம்பிட்டீங்க? செயலாளர் பேசினது காதுல விழுந்துச்சா?"

"தெருமுனை வரைக்கும் விழுந்திருக்கும்மா."

"வீட்ட விட்டெல்லாம் நீங்க போக வேணாம் மாமா. உங்க கொள்கைய நான் குத்தம் சொல்லல. ஆனா உங்க பேத்திங்கள நெனச்சுப் பாருங்க. கால்ல விழுந்து கேக்கறேன், ஒரே ஒரு தடவ அந்தத் தொட்டியில எறங்குங்க."

கிழவர் பையைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினார். உள்ளே ஒரு துண்டும், தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டையும், மாற்றுத் துணியும் இருந்தன.

"ஒரு வாரமா எடுத்து வெச்சிருக்கேன். மூணு தடவ கேட்டும் பாத்துட்டேன்மா. 'நம்பிக்கை வந்தா வாங்கப்பா, என் வேலைக்காக வராதீங்க'ன்னு உன் புருஷன்தான் எறக்க மாட்டேங்கிறான்."