விதை வழங்கும் நாள்

மொட்டைமாடித் தோட்டத்தில் விதை வழங்கும் நாள் என்றால் குடியிருப்பே திரண்டுவிடும். அங்கிருக்கும் பெட்டியின் தட்டில் உள்ளங்கையை வைத்தால் அது விதை கொடுக்கும். கேட்டதைக் கொடுக்காது, கை வைத்தவர் உயிரோடிருந்து பறிக்கப்போவதை மட்டும் கொடுக்கும். இதுவரை அது தவறியதே இல்லை.

கோகிலவாணி முருங்கை கேட்டாள். கறுப்பாக ஒரு சிட்டிகை சிறுகீரை விதை விழுந்தது.

வரிசையில் நின்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கீரைக்கு மிஞ்சினால் ஒரு மாதம். போன வருடம் கீரை வாங்கிய சபேசன் சாரின் பாத்தியில் இப்போது வேறு யாரோ கத்திரி வைத்திருக்கிறார்கள்.

வரப்புக்காக வருடக்கணக்கில் அவளோடு மல்லுக்கு நின்றவர் பக்கத்துப் பாத்தி நாச்சிமுத்து. அவரே, "உடுங்க அம்மிணி, அந்த ஒரு சாண் இடத்த நீங்களே வெச்சுக்கோங்க" என்றார்.

அந்த இரக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை. "நீங்க கைய வைங்க பாக்கலாம்."

எப்போதும் பப்பாளி வாங்குகிறவர், சிரித்துக்கொண்டே வைத்தார். சிறுகீரை.

"பொட்டி கெட்டுப்போச்சாட்ட இருக்குது" என்றார்.

அடுத்தவருக்கும் சிறுகீரை. அவருக்கு அடுத்தவருக்கும் அதே. கடைசியில் ஃபர்ஹானா, இடுப்பிலிருந்த கைக்குழந்தையின் மூடிய விரல்களைப் பிரித்துத் தட்டில் வைத்தாள். எல்லோரும் பெட்டியின் வாயையே பார்த்தார்கள்.

அதே சிறுகீரையின் கறுப்பு மணிகள் பொலபொலவென்று விழுந்தன.

அன்று ஒருவர் பாத்தியை இன்னொருவர் கொத்திக்கொடுத்தார்கள். மாடி முழுக்க ஒரே விதையைத் தூவினார்கள். வரப்பு எங்கே என்று யாரும் பார்க்கவில்லை.